வியன்னா இசைச் சுற்றுலா: ‘ஓபரா மாலை’ என்ற இரண்டு சொல்லை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

பயணத் திட்டத்தில் மூன்றே வரிதான் இருந்தது. வியாழன்: இசை மாலை, மூசிக்ஃபெராய்ன். வெள்ளி: ஓபரா மாலை. ஞாயிறு: வியன்னா சிறுவர் பாடகர் குழு. வழிகாட்டியோடு நாலு ராத்திரி, விமானக் கட்டணம் நீங்கலாக 1,940 யூரோ. கையில் வந்த மூன்று டிக்கெட்டுகளிலும் அச்சாகியிருந்த விலையைக் கூட்டினால் 130 யூரோகூட வரவில்லை. அதில் ஒன்றை அரங்குக்குள் உட்கார்ந்து கேட்கவே முடியவில்லை. தனியாகப் போயிருந்ததால் அன்று இரவு விடுதி அறையில் யாரிடமும் சொல்லி ஆற்றிக்கொள்ள வழியில்லை. கோபத்தைவிட அவமானம்தான் அதிகம் இருந்தது. வருடக்கணக்காக ரெக்கார்டில் கேட்ட இசையை நேரில் கேட்கப் போய், எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்றுகூட கேட்காமல் கொடுத்திருக்கிறோமே என்ற எண்ணம் தூங்கவிடவில்லை. யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் இவை அனைத்தையும் தவிர்த்திருக்கலாம். அதனால் ஒன்றுவிடாமல் சொல்கிறேன்.

முதலில் தேதி. வியன்னா ஸ்டேட் ஓபரா என்ற இசை நாடக அரங்கின் சீசன் செப்டம்பர் தொடக்கத்திலிருந்து ஜூன் முடிய. ஜூலை, ஆகஸ்டில் அரங்கு மூடியிருக்கும். அங்கே மேடைக்கு முன்னாலுள்ள இசைக்குழியில் உட்கார்ந்து வாசிக்கும் கலைஞர்கள்தான் வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவும்; கோடையில் அவர்கள் சால்ஸ்பர்க் விழாவுக்குப் போய்விடுவார்கள். பள்ளி விடுமுறைக்கு ஏற்றபடி ஜூலையில் ‘வியன்னா ஓபரா சுற்றுலா’ என்று யாராவது விற்றால், அந்த ஓபரா எந்த அரங்கில், யார் நடத்துவது என்று கேளுங்கள். சீசனுக்குள்ளேயும் சில ஓட்டைகள் உண்டு. கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய வியாழக்கிழமை ஓபரா பால் என்ற பெரிய நடன விருந்து அந்த அரங்கிலேயே நடக்கும். அதற்காகத் தரைத்தள இருக்கைகளை அகற்றித் தளத்தை மேடைமட்டத்துக்கு உயர்த்துவார்கள். அதையொட்டிச் சில நாட்கள் நிகழ்ச்சி இருக்காது. டிசம்பர் 24 அன்றும் புனித வெள்ளியன்றும் கிடையாது. விமான டிக்கெட் எடுப்பதற்கு முன் ஓபராவின் சொந்த இணையதள நாட்காட்டியைத் திறந்து, நீங்கள் தங்கும் ஒவ்வொரு இரவும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வியன்னாவின் பெரிய வசதி அதுதான். ஒரே படைப்பை வாரக்கணக்கில் ஓட்டாமல், ஏறத்தாழ ஒவ்வொரு இரவும் வேறொன்றைப் போடுவார்கள். நாலு ராத்திரி தங்கினால் மூன்று வெவ்வேறு ஓபரா கேட்க முடியும். பேக்கேஜில் ஒன்றே ஒன்றுதான் தருவார்கள், அதுவும் அவர்களுக்கு மலிவாகக் கிடைத்த இரவுக்கு.

இன்னொன்று, முதல் இரவே நிகழ்ச்சி வைக்காதீர்கள். இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்குக் குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம். அங்கே மாலை ஏழு என்றால் நம் உடம்புக்கு இரவு பதினொன்றரை. விமானத்தில் சரியாகத் தூங்காமல் இறங்கி, சூடான அரங்கில் மெத்தென்ற இருக்கையில் உட்கார்ந்தால் எப்பேர்ப்பட்ட ரசிகருக்கும் கண் சொக்கும். காலை விமானத்தில் வந்தால்கூட மறுநாளே முதல் நிகழ்ச்சி என்று வையுங்கள்.

என் பேக்கேஜில் வந்து இறங்கிய அன்றே மூசிக்ஃபெராய்ன். 1870 ஜனவரி 6-இல் திறந்த கட்டடம், தியோஃபில் ஹான்சன் கட்டியது. ஆண்டுதோறும் புத்தாண்டு காலையில் டிவியில் பார்க்கிற தங்க மண்டபம் அங்கேதான். ஆனால் அந்தக் கட்டடத்தில் தங்க மண்டபம் மட்டும் இல்லை. பிராம்ஸ் மண்டபம் என்று சிறியதொன்று உண்டு. 2004-இல் நிலத்துக்கு அடியில் கண்ணாடி, உலோகம், மரம், கல் என்ற பெயர்களில் நாலு மண்டபங்கள் சேர்த்தார்கள். ‘மூசிக்ஃபெராய்னில் கச்சேரி’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். மண்டபத்தின் பெயரை எழுத்தில் வாங்குங்கள்.

மண்டபத்தைவிட முக்கியம், கச்சேரியை யார் நடத்துகிறார்கள் என்பது. கட்டடத்தின் சொந்தக்காரர்கள் 1812-இல் தொடங்கிய இசை நண்பர்கள் சங்கம். அவர்கள் நடத்தும் கச்சேரிகளும் உண்டு. மற்றவர்கள் வாடகைக்கு எடுத்து நடத்துபவையும் உண்டு. பொய்முடியும் பதினெட்டாம் நூற்றாண்டு உடையும் அணிந்த இசைக்குழு மொசார்ட்டின் துணுக்குகளையும் ஜோஹான் ஸ்ட்ராஸின் வால்ட்ஸ் நடன இசையையும் வாசிக்கும் நிகழ்ச்சிகள் இரண்டாவது வகை. சுற்றுலாப் பயணிகளுக்காகவே நடப்பவை. ஸ்டெஃபான் தேவாலயத்தைச் சுற்றியும் ஓபரா முன்பும் மொசார்ட் வேடத்தில் நின்று டிக்கெட் விற்கிறவர்களிடம் இருப்பவையும் பெரும்பாலும் இந்த வகைதான். இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். வாசிக்கிறவர்கள் தேர்ந்தவர்களாக இருக்கலாம், குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. ஆனால் ஒரு சிம்பொனியை முதல் பகுதியிலிருந்து கடைசிப் பகுதிவரை கேட்க ஆசைப்பட்டுப் போகிறவர் ஏமாந்து போவார். நாலு பகுதி கொண்ட படைப்பில் ஒரு பகுதி, ஒரு ஓபரா முன்னிசை, இரண்டு பாட்டு, கடைசியில் கைதட்டலோடு ராடெட்ஸ்கி அணிவகுப்பு இசை. ராகம் தானம் பல்லவி கேட்கப் போனவருக்கு வரிசையாகத் துக்கடா மட்டும் பாடினால் எப்படியிருக்கும், அப்படி.

முன்கூட்டியே அடையாளம் காண வழி இருக்கிறது. நிகழ்ச்சி விவரத்தில் இசை நடத்துநரின் (கண்டக்டர்) பெயர் இருக்கிறதா, படைப்புகள் முழுப் பெயரோடு, ஓபஸ் என்ற படைப்பு எண்ணோடு அல்லது மொசார்ட்டுக்கு உரிய கோஷெல் பட்டியல் எண்ணோடு இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘மொசார்ட்டின் சிறந்த இசை’ என்பதுபோல மட்டும் போட்டிருந்தால், டிக்கெட்டை இருக்கை எண் இல்லாமல் ஏ, பி, விஐபி என்று வகை பிரித்து விற்றால், அதே நிகழ்ச்சி வாரத்தில் பல நாள் நடந்தால், அது சுற்றுலாக் கச்சேரி. மூசிக்ஃபெராய்னின் சொந்த நாட்காட்டியில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கீழே அதை ஏற்பாடு செய்து நடத்துபவரின் பெயர் இருக்கும். அதைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். நான் பார்க்கவில்லை.

தங்க மண்டபத்தில் உண்மையான கச்சேரி கேட்கப் போகிறவர்களுக்கு இருக்கை பற்றி. ஏறக்குறைய 49 மீட்டர் நீளம், 19 மீட்டர் அகலம், 18 மீட்டர் உயரம். செருப்புப் பெட்டி போன்ற வடிவம். அகலம் குறைவாக இருப்பதால் ஒலி பக்கச் சுவர்களில் பட்டு உடனே காதுக்குத் திரும்புகிறது. நாலு பக்கமும் இசை சூழ்ந்திருக்கிறாற்போல் தோன்றுவதற்கு அதுவே பெரிய காரணம். சுமார் 1,700 இருக்கை, 300 பேர் நிற்க இடம். எங்கே உட்கார்ந்தாலும் காதுக்குக் குறையில்லை, கண்ணுக்குத்தான் வித்தியாசம். தரைத்தளம் சமதளம் என்பதால் முன்னால் இருப்பவரின் தலை மறைக்கும். பக்கவாட்டு பால்கனியில் முதல் வரிசை அருமை. இரண்டாவது, மூன்றாவது வரிசையில் எழுந்து எட்டிப் பார்த்தால்தான் மேடை தெரியும். இசைக்குழுவுக்குப் பின்னால், ஆர்கன் பக்கம் சில இருக்கைகள் உண்டு. அங்கிருந்து நடத்துநரின் முகத்தை நேருக்கு நேர் பார்க்கலாம். முரசுக்கும் பித்தளைக் குழல்களுக்கும் பக்கத்தில் இருப்பதால் வயலின் கொஞ்சம் அமுங்கும், ஆனாலும் கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. எனக்கு அந்த இடம்தான் பிடிக்கும்.

ஃபில்ஹார்மோனிக்கின் சந்தாக் கச்சேரிகள் சனி மதியம் மூன்றரைக்கும் ஞாயிறு காலை பதினொன்றுக்கும் நடக்கும். சந்தா கிடைக்க வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள்; திரும்பி வரும் ஒன்றிரண்டு டிக்கெட்டே வெளியாருக்கு. ‘ஃபில்ஹார்மோனிக் கச்சேரி நிச்சயம்’ என்று யாராவது சொன்னால் டிக்கெட்டைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். புத்தாண்டுக் கச்சேரிக்கு வழி வேறு: முந்தைய பிப்ரவரியில் இசைக்குழுவின் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும், குலுக்கலில் வந்தால் வாங்கலாம். மும்பையில் பிறந்து இதே வியன்னாவில் இசை நடத்தக் கற்ற சுபின் மேத்தா அந்தக் கச்சேரியை ஐந்து முறை நடத்தியிருக்கிறார். இடைத்தரகர் வழியே அதற்கு டிக்கெட் தேடினால் பல மடங்கு விலை. அதே குழுவை ஓபராவின் இசைக்குழியில் எந்த இரவும் சாதாரண விலைக்குக் கேட்கலாம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஓபரா இசைக்குழுவில் சேர்ந்து, சில ஆண்டுகள் வாசித்துத் தேறியவர்களே ஃபில்ஹார்மோனிக் உறுப்பினர் ஆகிறார்கள். கொன்ஸெர்ட்ஹௌஸ் என்ற 1913-ஆம் ஆண்டு அரங்கையும் மறக்காதீர்கள். அங்கே டிக்கெட் கிடைப்பது எளிது, தரம் குறைவில்லை.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அன்று ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘சலோமே’, எட்டு மணிக்கு. ஆறரைக்குக் குழு விருந்து. ஊருக்கு வெளியே ஒரு திராட்சைத் தோட்ட உணவகம். ஏழு நாற்பதுக்குத்தான் பேருந்து கிளம்பியது. எட்டு நாலுக்கு வாசலில் நின்றோம், கதவு சாத்தியிருந்தது. இங்கேதான் பலருக்குத் தெரியாத விதி ஒன்று இருக்கிறது. தாமதமாக வந்தவர்களை இடைவேளையில்தான் உள்ளே விடுவார்கள். முன்கூடத்திலுள்ள திரையில் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் சலோமேக்கு இடைவேளையே கிடையாது. ஒரு மணி நாற்பது நிமிடம், ஒரே மூச்சு. முழு ஓபராவையும் திரையில் நின்றபடி பார்த்தேன். வழிகாட்டி சிரித்த முகத்தோடு ‘இங்கேயும் நன்றாகத்தான் கேட்கிறது’ என்றார். அந்தச் சொல்லை இன்னும் மறக்க முடியவில்லை.

இந்தக் கண்டிப்பு புதிதல்ல. குஸ்தாவ் மாலர் 1897 முதல் 1907 வரை இங்கே இயக்குநராக இருந்தபோது தொடங்கிய ஒழுங்கு. பணம் கட்டியவர் என்றோ வெளிநாட்டுக்காரர் என்றோ விலக்கு கிடையாது. ஆகவே எந்த ஓபரா, எத்தனை மணிக்குத் தொடங்கும், மொத்தம் எவ்வளவு நேரம், எத்தனை இடைவேளை என்று நாலையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘சலோமே’, ‘எலெக்ட்ரா’ இரண்டும் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும், இடைவேளை இல்லை. வாக்னரின் ‘ரைன் தங்கம்’ இரண்டரை மணி நேரம், அதற்கும் இல்லை. வாக்னரின் ‘வால்கியூர்’, ‘பார்சிஃபால்’ போன்றவை இரண்டு இடைவேளையோடு ஐந்து மணி நேரத்தைத் தொடும் அல்லது தாண்டும். அதனால் மாலை ஐந்து மணிக்கோ அதற்கும் முன்னாலோ தொடங்கிவிடும். ஏழு என்று நினைத்துப் போனால் முதல் அங்கம் போய்விட்டிருக்கும். முதல் முறை ஓபரா பார்க்கிறவருக்கு புச்சீனியின் ‘லா போயெம்’ அல்லது ‘தோஸ்கா’தான் என் சிபாரிசு. இரண்டரை, மூன்று மணி நேரத்தில் முடியும், கதை புரியும், ராகம் மனதில் நிற்கும். ‘தோஸ்கா’வுக்கு இங்கே 1958-இல் அமைத்த அதே மேடையமைப்பை இன்றுவரை வைத்திருக்கிறார்கள். கதையை முந்தின நாளே படித்துவிட்டுப் போங்கள். ஒவ்வொரு இருக்கைக்கு முன்னாலும் சிறிய திரை உண்டு, ஆங்கிலம் உட்படப் பல மொழிகளில் வரி வரியாக மொழிபெயர்ப்பு ஓடும். தமிழ் இல்லை.

நிகழ்ச்சி முடிந்தபின் ஊழியர் ஒருவர் இரக்கப்பட்டு என் இருக்கையைக் காட்டினார். பாக்ஸ் எனப்படும் சிறு தடுப்பறை, அதில் மூன்றாவது வரிசை. ‘ஓபராவில் பாக்ஸ்’ என்று டூர் நிறுவனம் பெருமையாக எழுதியிருந்தது. பாக்ஸ் என்றால் அரசகுலத்தார் உட்கார்ந்த இடம் என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம். உண்மை வேறு. பாக்ஸில் முதல் வரிசை மட்டுமே முழு விலைக்குத் தகும். இரண்டாவது வரிசையில் சாய்ந்து பார்க்க வேண்டும். மூன்றாவது வரிசையில் எழுந்து நின்றாலும் மேடையின் ஒரு துண்டுதான் கண்ணில் படும், அதுவும் பக்கவாட்டு பாக்ஸ் என்றால் சொல்லவே வேண்டாம். அதனால்தான் அதன் விலை முன்வரிசை விலையில் ஒரு சிறு பகுதி. அதிகாரபூர்வ இணையதளத்தில் இருக்கை வரைபடத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் விலையும், பார்வை மறைப்பு உண்டா என்பதும் தெரியும். அதில் நீங்களே இருக்கையைத் தேர்ந்தெடுங்கள். தேடல் முடிவில் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் மறுவிற்பனைத் தளம். முகவரியைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

சனிக்கிழமை பேக்கேஜில் ‘ஓய்வு நேரம்’. அன்று நானே போய் நின்று பார்க்கும் டிக்கெட் எடுத்தேன். இந்தப் பயணத்தில் எனக்கு உண்மையாகக் கிடைத்தது அந்த மாலைதான். இருபது யூரோகூட ஆகவில்லை. முறை இதுதான். நிகழ்ச்சி நாளன்று காலை பத்து மணிக்கு இணையதளத்தில் நிற்கும் இடங்கள் விற்பனைக்கு வரும். கிடைக்காவிட்டால் மாலையில் நேரில் போகலாம்: நிகழ்ச்சி தொடங்க 80 நிமிடம் இருக்கும்போது கட்டடத்தின் பக்கவாட்டில் உள்ள நிற்பவர்களுக்கான கவுன்டர் திறக்கும். பெரிய பாடகர் பாடும் இரவானால் அதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே வரிசை வந்துவிடும். மார்கழி சீசனில் தினசரி டிக்கெட்டுக்கு சபா வாசலில் நின்று பழகியவர்களுக்கு இது சிரமமே இல்லை. மூன்று இடம் உண்டு: தரைத்தளம், பால்கனி, கேலரி. தரைத்தள நிற்குமிடம் அரங்கின் பின்புறம், நட்டநடுவில், பழைய பேரரசர் பாக்ஸுக்கு நேர் கீழே. நூற்றுக்கணக்கான யூரோ கொடுத்தவர்களுக்குக் கிடைக்கும் அதே பார்வை. கேலரி உயரம், ஆனால் ஒலி அங்கேதான் கலந்து தெளிவாக வரும். உள்ளே போனவுடன் முன்னால் உள்ள கம்பியில் ஒரு துணியைக் கட்டுங்கள். அதுதான் இடம்பிடித்ததற்கு அடையாளம். கழுத்துத் துண்டு, கைக்குட்டை எதுவும் போதும். பிறகு தைரியமாக வெளியே போய் மேலங்கியைக் கொடுத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வரலாம், யாரும் அவிழ்க்க மாட்டார்கள். நிற்பவர்களுக்கும் கம்பியில் மொழிபெயர்ப்புத் திரை உண்டு. தட்டையான காலணி போடுங்கள். முட்டி வலி இருப்பவர்கள் வாக்னரை நின்று கேட்க முயல வேண்டாம். ஏப்ரல் முதல் ஜூன் வரையும் செப்டம்பரிலும் பல இரவுகளில் உள்ளே நடப்பதை வெளியே சதுக்கத்தில் பெரிய திரையில் இலவசமாகக் காட்டுகிறார்கள், அதற்கு நாற்காலியும் உண்டு.

உடை பற்றிப் பயப்பட வேண்டாம். அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் கூடாது. பட்டுப்புடவை, வேட்டி சட்டை தாராளமாக ஏற்கத்தக்கவை. கண்ணாடி வளையலும் கொலுசும் மட்டும் வேண்டாம். தங்க மண்டபத்தில் வயலின்கள் மூச்சுவிடும் அளவுக்குத் தணிந்து வாசிக்கும்போது வளையல் ஒலி பத்து வரிசை தள்ளிக் கேட்கும். இருமல் மிட்டாயின் காகிதத்தை முன்பே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். தொடையில் தாளம் போடுவது, நல்ல இடத்தில் ‘பேஷ்’ சொல்வது எல்லாம் நம் பழக்கம்; இங்கே கையையும் வாயையும் கட்டிக்கொள்ள வேண்டும். சிம்பொனியின் பகுதிகளுக்கு நடுவே வரும் மௌனத்தில் கைதட்டக் கூடாது, நடத்துநர் கையை இறக்கித் திரும்பியபின் தட்டலாம். ஓபராவில் தனிப்பாடல் முடிந்ததும் தட்டுவது வழக்கம்தான், ஆனால் வாக்னருக்கு அங்கம் முடியும்வரை பொறுக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் மற்றவர்கள் தட்டும்வரை காத்திருங்கள்.

சாப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிகழ்ச்சி முடிய பத்தரை, பதினொன்று ஆகும், அதற்குள் பெரும்பாலான உணவகங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். மாலை ஐந்துக்கே சாப்பிட்டுவிடுங்கள். இடைவேளை இருபது நிமிடம்தான், பானம் வாங்க வரிசையிலேயே முடிந்துவிடும். ஓபராவுக்குப் பின்னால் அல்பெர்டினா பக்கம் இரவு வெகுநேரம் திறந்திருக்கும் சாசேஜ் கடையில் ‘கேஸ’ என்று தொடங்கும் பெயரைப் பார்த்துச் சைவர்கள் வாங்கிவிடாதீர்கள். அது சீஸ் வைத்த இறைச்சி சாசேஜ். ஞாயிறு மளிகைக் கடைகள் ஏறக்குறைய அனைத்தும் அடைப்பு. சனி மாலைக்குள் ரொட்டி, பழம், தயிர் வாங்கி வையுங்கள். குழாய்த் தண்ணீர் ஆல்ப்ஸ் மலை ஊற்றிலிருந்து வருவது, புட்டி வாங்கத் தேவையில்லை.

ஞாயிறு சிறுவர் பாடகர் குழு. இதிலும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஹோஃப்பர்க் அரண்மனைத் தேவாலயத்தில் காலை 9.15-க்கு நடப்பது கச்சேரி அல்ல, பூசை. 1498-இல் பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் தொடங்கிய மரபு. சிறுவர்கள் பாடுவது பின்புறம், மேலே உள்ள மாடத்தில். கீழே உட்கார்ந்திருப்பவருக்குக் குரல்தான் வரும், முகம் தெரியாது. பூசை முடிந்தபின் சில நேரம் இறங்கிவந்து ஒரு பாட்டுப் பாடுவார்கள். இருக்கைக்குக் கட்டணம் உண்டு. பின்னால் நிற்க இலவசம், ஆனால் இடம் மிகக் குறைவு. கோடையில் இதுவும் இல்லை. அவர்களைப் பார்க்கவும் வேண்டுமானால் அவர்களுடைய சொந்த அரங்கான மூத்-தில் கச்சேரிக்குப் போக வேண்டும். பூசை முடிந்ததும் ஐந்து நிமிட நடையில் அவுகுஸ்டினர் தேவாலயம். ஞாயிறு பதினொரு மணிக்கு ஹைடன், மொசார்ட், ஷூபர்ட்டின் பூசைப் படைப்புகளை முழு இசைக்குழுவோடும் பாடகர்களோடும் வழிபாட்டின் பகுதியாகவே பாடுவார்கள். டிக்கெட் கிடையாது, தட்டில் விரும்பியதைப் போடலாம். அந்த இசை எதற்காக எழுதப்பட்டதோ அதற்காகவே ஒலிப்பதைக் கேட்பது வேறு அனுபவம். கோயிலில் ஓதுவார் தேவாரம் பாடக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். இதைப் பேக்கேஜ் எதிலும் நான் பார்க்கவில்லை.

வழிகாட்டி விஷயம். ஆஸ்திரியாவில் நகர வழிகாட்டியாக வேலை செய்ய அரசு உரிமம் வேண்டும். உங்களோடு விமானத்தில் வருகிறவர் பயண மேலாளர் மட்டுமே. அவர் அறைச் சாவி வாங்கித் தருவார், மொசார்ட் பற்றிச் சொல்ல அவருக்குப் பயிற்சி இருக்காது. உரிமம் பெற்ற வழிகாட்டி எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். எங்களுக்குக் கிடைத்தது மூன்று மணி நேரம், அதில் ஒரு மணி பேருந்து ஜன்னல் வழியே. ‘ஓபரா ஹவுஸ் விசிட்’ என்று எழுதியிருந்தால் அது பகலில் நடக்கும் சுமார் 40 நிமிடச் சுற்றிப்பார்த்தல், நிகழ்ச்சி அல்ல. அதை இழிவாகச் சொல்லவில்லை. 1945 மார்ச் 12 குண்டுவீச்சில் அரங்கும் மேடையும் எரிந்ததையும், படிக்கட்டும் முன்பகுதியும் மட்டும் 1869-ஆம் ஆண்டுக் கட்டடத்தின் மிச்சமாகத் தப்பியதையும், 1955 நவம்பரில் பீத்தோவனின் ‘ஃபிடெலியோ’வோடு மீண்டும் திறந்ததையும் அந்த இடத்தில் நின்று கேட்பது மனதைத் தொடும்.

‘இசைமேதைகளின் தடம்’ என்று அரைநாளுக்குப் பணம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லலாம். 71-ஆம் எண் டிராம் உங்களை மத்தியக் கல்லறையின் இரண்டாம் வாசலில் இறக்கும். 32 ஏ பிரிவு. பீத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ், ஜோஹான் ஸ்ட்ராஸ் எல்லாரும் அருகருகே. நடுவே உள்ள மொசார்ட்டினுடையது நினைவுச்சின்னம் மட்டும். அவரைப் புதைத்தது செயின்ட் மார்க்ஸ் கல்லறையில். டிராம் டிக்கெட் தாளில் வாங்கினால் முதல் முறை ஏறும்போது நீலப் பெட்டியில் முத்திரை குத்த வேண்டும். குத்தாமல் பிடிபட்டால் நூறு யூரோவுக்கு மேல் அபராதம், தெரியாது என்று சொன்னால் விட மாட்டார்கள். எங்கள் குழுவில் ஒரு தம்பதிக்கு அப்படிப் போனது.

இத்தனைக்கும் பிறகு யாராவது பேக்கேஜ்தான் வசதி என்றால், வயதான பெற்றோரைக் கூட்டிப்போகிறவர்களுக்கு அது நியாயம்தான், மின்னஞ்சலில் இவற்றைக் கேட்டு, மின்னஞ்சலிலேயே பதில் வாங்குங்கள்: படைப்பின் பெயர், அரங்கு, மண்டபம், நடத்துபவர், இசை நடத்துநர், தளம், வரிசை, இருக்கை எண், டிக்கெட்டில் அச்சாகும் விலை, தொடங்கும் நேரம், அன்று இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு எங்கே, அரங்கு வாசலில் எத்தனை மணிக்கு இறக்குவார்கள். தொடங்கும் நேரத்துக்கு 45 நிமிடம் முன்னால் இல்லையென்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ‘அதற்கு நிகரான இடம்’, ‘அதற்கு நிகரான நிகழ்ச்சி’ என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் அடித்துத் தரச் சொல்லுங்கள்; என்னுடையதில் இருந்தது, அதை வைத்துத்தான் முதலில் கையை விரித்தார்கள்.

பேக்கேஜை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இயங்கும் நிறுவனத்திடம் வாங்கியிருந்தால், சொன்னபடி தராத பகுதிக்கு விலைக் குறைப்புக் கேட்க அங்குள்ள பேக்கேஜ் பயணச் சட்டம் உரிமை தருகிறது. ஆனால் குறையைத் தாமதிக்காமல் அங்கேயே தெரிவிக்க வேண்டும். நான் வெள்ளி இரவே விடுதியிலிருந்து மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன், டிக்கெட்டின் படமும், பேருந்து வந்த நேரம் தெரியும்படி எடுத்த அரங்கு வாசல் படமும் சேர்த்து. ஊர் திரும்பியபின் மூன்று மாதம், ஏழு கடிதம். ஓபரா இரவுக்கு 95 யூரோ திரும்பி வந்தது. மூசிக்ஃபெராய்ன் மாலைக்கு ஒன்றும் வரவில்லை, ஏனென்றால் எந்தக் கச்சேரி என்று அவர்கள் எழுதியிருக்கவே இல்லை.